கோடை வெயிலில் வீட்டு வண்டியின் ஜெனரேட்டர்: தேவையும் திறனும் குறித்த ஓர் ஆய்வு

1. ஆய்வுப் பொருள்

அமெரிக்காவில் ஆர்.வி. என்று அழைக்கப்படும் வீட்டு வண்டியின் கூரையில் ஒன்றோ இரண்டோ ஏ.சி. இருக்கும். முகாம் திடலில் மின் இணைப்பு கிடைத்தால் அதில் ஓடும்; கிடைக்காத இடத்தில் வண்டியிலேயே பொருத்தியிருக்கும் ஜெனரேட்டரை நம்பித்தான் ஓட வேண்டும். அரிசோனா மாநிலத்தின் ஃபீனிக்ஸ் நகரில் 2023 ஜூன் 30 முதல் ஜூலை 30 வரை தொடர்ந்து 31 நாள் வெப்பம் 43 டிகிரி செல்சியசைத் தாண்டியது. அத்தகைய வெயிலில் இந்த இரண்டு கருவிகளும் எப்படி நடந்துகொள்கின்றன என்பதே இங்கே ஆராயப்படுகிறது.

வெயில் ஏற ஏற ஏ.சி. இழுக்கும் மின்சாரம் கூடுகிறது, அது தரும் குளிர்ச்சி குறைகிறது, ஜெனரேட்டர் தரக்கூடிய மின்சாரமும் குறைகிறது. மூன்றும் ஒரே பிற்பகலில் நடக்கின்றன. தகட்டில் பொறித்த வாட் எண்ணை மட்டும் பார்த்துக் கணக்குப் போடுபவருக்கு அந்தப் பிற்பகலில்தான் உண்மை தெரியவரும்.

2. ஏ.சி. கேட்பது

கூரை ஏ.சி.கள் பெரும்பாலும் 13,500 அல்லது 15,000 பி.டி.யு. அளவில் வருகின்றன. முதல் வகை நம் ஊர்க் கணக்கில் ஒரு டன்னுக்குச் சற்று மேல். 120 வோல்ட்டில் 12 முதல் 15 ஆம்பியர் வரை, அதாவது 1,400 முதல் 1,800 வாட் வரை இழுக்கும். வெளிக்காற்று சூடாக இருந்தால் கன்டென்சரில் வாயுவின் அழுத்தம் உயரும். அந்த அழுத்தத்தை எதிர்த்துத் தள்ள கம்ப்ரசர் அதிக ஆம்பியர் கேட்கும். அதே வேளையில் குளிர்ச்சி இறங்கும். அந்த பி.டி.யு. எண்ணே வெளிக்காற்று 35 டிகிரியில் இருக்கும்போது அளந்தது என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

2.1 தொடக்க இழுப்பு

ஓடும் மின்னோட்டத்தை விடத் தொல்லை தருவது கம்ப்ரசர் கிளம்பும் நொடி. அந்த நொடியில் 50, 60 ஆம்பியர் கூடக் கேட்கும். சகதியில் நிற்கும் வண்டியை முதல் இழுப்பு இழுக்கத்தானே மாடு திணறும். கிளம்பிய பிறகு சுலபம். 1,800 வாட் தொடர்ந்து தரக்கூடிய சிறு இன்வெர்ட்டர் ஜெனரேட்டர், ஓடிக்கொண்டிருக்கும் ஏ.சி.யைத் தாங்கினாலும், கிளம்பும் நொடியில் ஓவர்லோட் விளக்கை எரியவிட்டு மின்சாரத்தை நிறுத்திவிடும். சாஃப்ட் ஸ்டார்ட்டர் என்னும் சிறு கருவியைக் கம்ப்ரசரோடு இணைத்தால் தொடக்க மின்னோட்டம் பாதிக்கும் கீழே வந்துவிடுகிறது. பெரிய ஜெனரேட்டர் வாங்கச் சொல்லும் கடைக்காரர்கள் இதை முதலில் சொல்வதில்லை.

ஏ.சி.யை நிறுத்திய உடனே மறுபடி போடுவதும் கூடாது. உள்ளே அழுத்தம் சமமாக மூன்று நான்கு நிமிடம் வேண்டும். அதற்குள் போட்டால் கம்ப்ரசர் சுழலாமல் நின்றபடியே மின்சாரத்தை இழுக்கும்.

3. ஜெனரேட்டர் கொடுப்பது

3.1 வெப்பமும் உயரமும்

காற்று லேசானால் எஞ்சினுக்குள் போகும் ஆக்சிஜன் குறைகிறது; திறனும் குறைகிறது. நடைமுறைக் கணக்கு இது: கடல்மட்டத்திலிருந்து ஒவ்வொரு 300 மீட்டர் ஏற்றத்துக்கும் ஏறக்குறைய 3.5 சதவீதம் இழப்பு. 30 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு 5.5 டிகிரிக்கும் ஏறக்குறைய 1 சதவீதம் இழப்பு.

இதை இரண்டு ஊர்களில் வைத்துப் பார்க்கலாம். ஃபீனிக்ஸ் ஏறத்தாழ 330 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே 43 டிகிரி வெயிலில் 4,000 வாட் ஜெனரேட்டர் உயரத்துக்காக 4 சதவீதத்தையும் வெப்பத்துக்காக இரண்டரை சதவீதத்தையும் இழந்து 3,750 வாட் அளவில் நிற்கும். வெயில் தாங்காமல் மக்கள் வடக்கே ஓடிப்போகும் ஃபிளாக்ஸ்டாஃப் 2,100 மீட்டர் உயரத்தில் உள்ள மலையூர். அங்கே வெப்ப இழப்பு இல்லையென்றே சொல்லலாம். ஆனால் உயரம் மட்டுமே 24 சதவீதத்தை விழுங்கி, அதே ஜெனரேட்டரை 3,000 வாட்டுக்குப் பக்கத்தில் இறக்கிவிடும். ஃபீனிக்ஸில் இரண்டு ஏ.சி.யை ஒருவழியாகத் தாங்கிய ஜெனரேட்டர் இங்கே தாங்காது. நல்லவேளை, ஃபிளாக்ஸ்டாஃபில் இரண்டாவது ஏ.சி. தேவைப்படாது.

ஆக, காற்றைச் சூடாக்கி வெயில் பறிக்கும் திறன் சொற்பம். ஜெனரேட்டரை வெயில் உண்மையாகத் தாக்கும் இடங்கள் வேறு.

3.2 எரிபொருள் ஆவியாதல்

கொதிக்கும் தார்ச்சாலையில் நிற்கும் வண்டியின் அடியில், தகரப் பெட்டிக்குள் அடைபட்டு ஓடுகிறது ஜெனரேட்டர். அங்கே குழாயில் வரும் பெட்ரோல் கார்பரேட்டரை அடையும் முன்பே ஆவியாகிவிட்டால், பம்ப் திரவத்தை விட்டு ஆவியைத் தள்ளும். எஞ்சின் ஏறி இறங்கித் திணறி நின்றுபோகும், ஆறும்வரை கிளம்பாது. குளிர்காலத்தில் விற்கும் பெட்ரோல் எளிதில் ஆவியாகும்படி கலக்கப்படுகிறது. மார்ச் மாதம் நிரப்பிய டேங்கோடு ஜூனில் பாலைவனத்துக்குப் போகிறவருக்கு இந்தச் சிக்கல் சீக்கிரம் வரும். புது பெட்ரோல், பெட்டிக்குள் காற்றோட்டம், குழாய்க்கு வெப்பத்தடுப்பு உறை ஆகியவை போதும். எல்.பி.ஜி.யில் ஓடும் ஜெனரேட்டருக்கு இந்த நோய் இல்லை. பதிலாக, பெட்ரோலில் 4,000 வாட் தரும் அதே மாதிரி வாயுவில் 3,600 வாட்தான் தரும்.

பெட்ரோல் வண்டிகளில் வேறொரு ஏற்பாடும் உண்டு. ஜெனரேட்டருக்குப் போகும் குழாய் டேங்கின் அடிவரை போவதில்லை. கால் டேங்க் அளவுக்கு வந்ததும் ஜெனரேட்டர் நின்றுவிடும், ஊர் திரும்பப் பெட்ரோல் மிஞ்ச வேண்டும் என்பதற்காக. பழுது என்று நினைத்து மெக்கானிக்கைத் தேடுபவர்கள் முதலில் அளவுமுள்ளைப் பார்ப்பது நல்லது.

3.3 எண்ணெயும் ஓய்வும்

இவை பெரும்பாலும் காற்றால் குளிரும் எஞ்சின்கள். எண்ணெய் மட்டத்தை நாள்தோறும் பார்க்க வேண்டும். நிறுத்தும்போது முதலில் ஏ.சி.யை அணைத்து, எஞ்சினைச் சுமையின்றிச் சில நிமிடம் ஓடவிட்டுப் பிறகு நிறுத்துவது முறை. சுமையோடு ஓடியதைச் சட்டென்று நிறுத்தினால் விசிறியும் நின்று, தேங்கிய சூடு கார்பரேட்டர் பக்கம் ஏறும்; மேலே சொன்ன ஆவிச் சிக்கலுக்கு அதுவே தொடக்கம்.

4. தேவையைக் குறைத்தல்

ஏ.சி. உறிஞ்சும் காற்றுக்கும் வெளிவிடும் காற்றுக்கும் வித்தியாசம் பத்து டிகிரி சொச்சம்தான். பிற்பகல் இரண்டு மணிக்கு, பூட்டிக்கிடந்த வண்டியில் 45 டிகிரி சூட்டை வைத்துக்கொண்டு ஏ.சி. போட்டால், முதலில் வருவது வெதுவெதுப்பான காற்று. சுவர், மெத்தை, அலமாரி எல்லாம் ஆறுவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். காலையிலேயே போட்டுவிட வேண்டும். கண்ணாடிப் பரப்பு அதிகமுள்ள முன்பக்கத்தை வடக்கு நோக்கி நிறுத்துவது, வெளிப்புறத் திரை, கூரை ஜன்னல்களில் அடைப்பு, கன்டென்சரில் படிந்த புழுதியைத் துடைப்பது ஆகியவை செலவில்லாத வேலைகள். மைக்ரோவேவும் வாட்டர் ஹீட்டரும் ஏ.சி.யோடு ஒரே நேரத்தில் ஓடக் கூடாது என்பது வீட்டுக்காரருக்கும் வீட்டம்மாவுக்கும் இடையே முன்கூட்டியே முடிவாக வேண்டிய விஷயம்.

இழுவை கூடி மின்னழுத்தம் 105 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் ஏ.சி.யை அணைத்துவிட வேண்டும். அந்த நிலையில் கம்ப்ரசரின் கம்பிச்சுருள் சூடேறிக் கருகும்.

5. புகை

ஜெனரேட்டர் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமோ வாசனையோ கிடையாது. இரத்தத்தின் ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனை விட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். கோடையில் இதற்குத் தனி ஆபத்து ஒன்று உண்டு. தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல், அசதி என்ற இதன் அறிகுறிகளெல்லாம் வெயில் மயக்கத்தின் அறிகுறிகளும்கூட. “வெயில் பட்டது, உள்ளே ஏ.சி.யில் கொஞ்சம் படு” என்று நோயாளியை நஞ்சுக்குள்ளேயே படுக்க வைத்துவிடும் அபாயம் இருக்கிறது. ஒருவருக்கு மேல் ஒரே நேரத்தில் தலைவலி என்றால் எல்லோரும் வெளியே வந்துவிட வேண்டும். புகை பக்கத்து வண்டியிலிருந்தும் வரலாம் என்பதால் காற்றின் திசையைப் பார்த்து நிறுத்துவது அவசியம். ஜெனரேட்டரை ஓடவிட்டுத் தூங்குவதை நான் எந்த நிலையிலும் பரிந்துரைக்க மாட்டேன்.

6. சத்தமும் சட்டமும்

அமெரிக்கத் தேசியப் பூங்காக்களின் விதிப்படி 50 அடி தூரத்தில் 60 டெசிபெலைத் தாண்டும் சத்தம் கூடாது; இரவு 10 முதல் காலை 6 வரை அளவுமீறிய ஓசை குற்றம். பல முகாம்களில் ஜெனரேட்டர் நேரம் மாலையோடு முடிந்துவிடுகிறது. டெத் வேலி போன்ற பாலைவனப் பூங்காவில் ஜூலை இரவும் 30 டிகிரிக்குக் கீழே இறங்காமல் கிடக்கும்போது, சட்டமும் வெயிலும் சேர்ந்து ஜெனரேட்டரைப் பயனற்றதாக்கிவிடுகின்றன. அங்கே மின் இணைப்புள்ள இடத்தை முன்பதிவு செய்ய வேண்டும், அல்லது மலைக்கு ஏற வேண்டும். மூன்றாவது வழி இல்லை. கலிபோர்னியாவில் 2028 முதல் புதிதாக விற்பனைக்கு வரும் சிறு ஜெனரேட்டர்கள் புகையற்றவையாக இருக்க வேண்டும் என்று விதி வந்திருப்பதால், லித்தியம் பேட்டரிப் பக்கம் பலர் திரும்பியிருக்கிறார்கள். ஏ.சி.யை இரவு முழுவதும் ஓட்டும் அளவுக்குப் பேட்டரி வாங்க இன்னும் பெரும்பணம் வேண்டும்.

விடுமுறைக்கு ஆர்.வி. வாடகைக்கு எடுக்கும் நம்மவர்கள், சாவியை வாங்கும்போதே இரண்டு காரியம் செய்யுங்கள்: கார்பன் மோனாக்சைடு அலாரத்தின் காலாவதித் தேதியைப் பாருங்கள், ஜெனரேட்டரைப் போட்டு, ஏ.சி.யையும் போட்டு, கால் மணி நேரம் ஓடவிட்டுப் பார்த்த பிறகு கையெழுத்துப் போடுங்கள்.