கூடி ஓதிய நூல்கள்

 

நூல் வாசித்தல் என்றால் ஒருவர் தனித்திருந்து புத்தகத்தை மௌனமாகப் புரட்டுவது என்றே இன்று நாம் எண்ணுகின்றோம். நம் முன்னோர் பெரிதும் அறிந்திருந்த வாசிப்போ வேறு. ஒருவர் ஓத, மற்றொருவர் பொருள் கூற, பலர் கூடியிருந்து செவிமடுப்பதே அவர்தம் வாசிப்பாகும். சோழமண்டலக் கரையில் இஸ்லாமியத் தமிழ் இலக்கியம் நான்கு நூற்றாண்டுகளுக்கும் மேலாக நிலைபெற்றதில் அக்கூட்டங்களுக்குப் பெரும் பங்குண்டு. அவ்வரலாற்றை நினைவுகூர்ந்து, நம் வீடுகளில் எஞ்சியுள்ள பழைய நூல்களைக் குறித்து ஒரு வேண்டுகோளையும் முன்வைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மதரஸாக்களில் ஆசிரியர் முன் ஓதி ஸனது பெறும் முறையை நாம் அறிவோம். அம்முறை ஒரு காலத்தில் பொதுமக்களுக்கும் உரியதாயிருந்தது. கி.பி. 12, 13ஆம் நூற்றாண்டுகளில் டமாஸ்கஸ் நகரின் மஸ்ஜிதுகளிலும் மதரஸாக்களிலும் ஹதீஸ் நூல்கள் மஜ்லிஸ்களில் உரக்க ஓதப்பட்டன. ஓதி முடிந்ததும் அந்த ஏட்டிலேயே ஒரு குறிப்பு எழுதப்பெறும். எந்த ஆசிரியர் முன்னிலையில் ஓதப்பட்டது, ஓதியவர் யார், கேட்டவர் யார் யார், எந்த இடம், எந்த நாள் என்பன அதில் இடம்பெறும். இதற்கு 'ஸமாஉ' என்று பெயர். ஆலிம்களோடு வணிகர், கைத்தொழிலாளர், பெண்கள், சிறுவர் ஆகியோர் பெயர்களும் அவற்றில் உள்ளன. இடையில் எழுந்து சென்றவர் எப்பகுதியைக் கேட்கத் தவறினார் என்பதுகூடக் குறிக்கப்பட்டுள்ளது. இன்று அந்நகரத்துச் சாமானிய மக்களைப் பற்றி ஆராய்வோர்க்கு இக்குறிப்புகளே சான்றாக உதவுகின்றன.

கூடியிருந்து ஓதும் வழக்கம் நம் தமிழகக் கரைக்கும் புதிதன்று. காயல்பட்டினத்தில் புகாரி ஷரீஃப் மஜ்லிஸ் ஆண்டுதோறும் நடைபெற்று வருவதை நாம் அறிவோம். தமிழ் நூல்களை எடுத்துக்கொண்டாலும், அவை கேட்பதற்கென்றே இயற்றப்பட்டவை என்பது அவற்றின் அமைப்பிலேயே விளங்கும். இன்று கிடைக்கும் இஸ்லாமியத் தமிழ் நூல்களுள் மிகப் பழையனவற்றில் ஒன்று, 1572ஆம் ஆண்டைச் சேர்ந்த வண்ணப்பரிமளப் புலவரின் 'ஆயிர மசலா'. அப்துல்லாஹ் இப்னு ஸலாம் (ரலி) அவர்கள் வினவ, நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் விடையளிப்பதாக அமைந்த நூல் இது. வினாவும் விடையுமாகச் செல்லும் நூல், எழுத்தறியாதவரும் கேட்டு மனத்தில் இருத்திக்கொள்ள ஏற்றது. பின்வந்த கிஸ்ஸா, நாமா, முனாஜாத்து, படைப்போர் ஆகிய வகைகளும் சபையில் ஓத ஏற்றனவே.

உமறுப் புலவரின் சீறாப்புராணத்தை நோக்குவோம். மூன்று காண்டங்களில் 5,027 பாடல்களைக் கொண்ட பெருங்காப்பியம் அது. கீழக்கரை வள்ளல் சீதக்காதி அவர்களின் ஆதரவில் தொடங்கிய அப்பணி, வள்ளலின் மறைவால் ஆதரவிழந்து நின்றபோது, பரங்கிப்பேட்டை அபுல் காசிம் மரைக்காயர் கைகொடுத்தார். ஓர் ஊரின் செல்வர் விட்ட இடத்திலிருந்து மற்றோர் ஊரின் செல்வர் தொடர்ந்தார். அக்காப்பியம் நபிகளாரின் வாழ்வை முழுமையாகப் பாடி முடிக்கவில்லை. எஞ்சிய வரலாற்றைப் பனீ அகமது மரைக்காயர் 'சின்னச் சீறா' என 1732இல் பாடி நிறைவு செய்தார். ஷைகு அப்துல் காதிர் நயினார் லெப்பை ஆலிம் அவர்களின் முயற்சியால் 1842இல்தான் சீறாப்புராணம் அச்சேறியது. அதுவரை ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக அது பனையோலையில் இருந்தது. படியெடுப்போரும் ஓதுவோரும் கேட்போரும் இல்லாதிருந்தால் ஓலை செல்லரித்து மறைந்திருக்கும். அச்சிடுவதற்குப் படியே கிடைத்திராது.

பெண்களின் பங்கை இங்குக் கூறாதிருத்தல் நீதியாகாது. தமிழை அரபு எழுத்தில் எழுதும் அரபுத் தமிழ், குர்ஆன் ஓதக் கற்றிருந்தும் தமிழ் எழுத்துப் பயிலாத பெண்களுக்கு அறிவின் வாயிலாக விளங்கியது. கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816-1898) அவர்களின் 'மகானி', 'ஃபத்ஹுத் தய்யான்' முதலிய கிதாபுகள் தொழுகை, நோன்பு, ஜகாத், திருமணம் ஆகியவற்றின் சட்டங்களை எடுத்துரைத்தன. ஓதத் தெரிந்த ஒரு பெண்மணி வாய்விட்டு ஓதினால், சுற்றியிருந்த அனைவருக்கும் அது பாடமாயிற்று.

நமக்கு அண்மையிலுள்ள நாகூரைப் பாருங்கள். நாகூர்ப் புராணம், நாகூர்க் கலம்பகம் முதலிய நூல்களை இயற்றிய மகாவித்துவான் குலாம் காதிறு நாவலர் (1833-1908) பினாங்கில் 'வித்தியா விசாரிணி' என்னும் இதழை நடத்தினார். 1901இல் பாண்டித்துரைத் தேவர் மதுரையில் நிறுவிய தமிழ்ச் சங்கத்தில் அவர் பெற்ற மதிப்பினால் 'நான்காம் தமிழ்ச் சங்க நக்கீரர்' எனப் போற்றப்பட்டார். அதே ஊரில் மூன்றாம் வகுப்பு வரை மட்டுமே பள்ளியில் பயின்ற சித்தி ஜுனைதா பேகம் 1938இல் 'காதலா கடமையா' என்ற நாவலை வெளியிட்டார். அதற்கு டாக்டர் உ.வே. சாமிநாதையர் முன்னுரை வழங்கினார். பள்ளிப்படிப்பு மூன்றாம் வகுப்போடு நின்றபோதும் ஒரு பெண்மணியின் கல்வி அங்கு நின்றுவிடவில்லை என்பதற்கு இஃது ஓர் எடுத்துக்காட்டாகும்.

இனி நம் காரைக்காலுக்கு வருவோம். தஞ்சை மன்னரிடமிருந்து 1739இல் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்த இப்பகுதி, 1954 நவம்பர் 1 அன்று இந்தியாவுடன் இணைந்தது. அண்டை மண்ணாகிய சீர்காழியில் 1892இல் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் இந்திய நூலகவியலின் தந்தை எனப் போற்றப்படுகின்றார். 1931இல் மன்னார்குடிப் பகுதியில் மாட்டுவண்டியில் நூல்களை ஏற்றிக் கிராமங்களுக்குக் கொண்டுசென்ற நடமாடும் நூலகம் தொடங்கியது. 1948இல் சென்னை மாகாணப் பொது நூலகச் சட்டம் பிறந்தது. அதன்வழி நூலகத்திற்கென வரி வசூலிக்கவும் வழி ஏற்பட்டது. ஆனால் அச்சட்டம் பிரெஞ்சு எல்லைக்கு வெளியே நின்றுவிட்டது. புதுவையில் 1827இலேயே பொது நூலகம் இருந்ததாயினும் அது நமக்கு அருகில் இல்லை. ஆகவே எல்லைக்கு இப்பால் வாழ்ந்தோர், தம் வீட்டு அலமாரியையும் தம் ஊர்க் கூட்டத்தையுமே பெரிதும் நம்பியிருக்க வேண்டியதாயிற்று.

அரசின் கையை எதிர்பாராமல் மக்களே நூலகம் நடத்த இயலுமா என்று கேட்போர், நம் யூனியன் பிரதேசத்தின் மாஹே பகுதியைச் சூழ்ந்துள்ள கேரளத்தைக் காணலாம். 1945இல் பி.என். பணிக்கர் அவர்களின் முயற்சியால் திருவிதாங்கூரில் 47 ஊர் நூலகங்கள் ஒன்றுகூடிக் கிரந்தசாலா சங்கம் அமைத்தன. அதுவே பின்னர் கேரளம் முழுவதும் பரவிய நூலக இயக்கமாயிற்று. அவர் மறைந்த ஜூன் 19ஆம் நாள் வாசிப்பு நாளாகக் கொண்டாடப்படுகின்றது.

நம் சமுதாயத்திலும் முயற்சிகள் நடந்தன. இலங்கையைச் சேர்ந்த ம.மு. உவைஸ் அவர்கள் முஸ்லிம்களின் தமிழ்த் தொண்டு குறித்து 1953இல் ஆங்கிலத்தில் நூல் வெளியிட்டார், பின்னர் பீ.மு. அஜ்மல்கானுடன் இணைந்து இஸ்லாமியத் தமிழ் இலக்கிய வரலாற்றைப் பல தொகுதிகளாக எழுதினார். 1973இல் திருச்சியிலும் 1990இல் கீழக்கரையிலும் இஸ்லாமியத் தமிழ் இலக்கிய மாநாடுகள் கூடின. எனினும் இத்தகைய அறிஞர்களால் தொகுக்க முடிந்தவை, ஏதோ ஒரு வீட்டில் யாரோ ஒருவர் காத்து வைத்திருந்த நூல்களை மட்டுமே.

நம் வேண்டுகோள் இங்கிருந்தே எழுகின்றது. பழுதடைந்த முஸ்ஹஃபுகளையும் அரபு எழுத்துள்ள தாள்களையும் கண்ணியம் கருதி மண்ணில் புதைப்பதும் நீரில் விடுவதும் நம்மிடையே வழக்கம். பாட்டனார் காலத்துப் பெட்டியில் இருக்கும் அரபுத் தமிழ் கிதாபை இன்றைய பிள்ளைகள் திறந்தால், அரபு எழுத்தைக் காண்பார்கள். அதனுள் இருப்பது தமிழ் என்பதை அறியமாட்டார்கள். ஓதத் தெரிந்த முதியவர் மறைந்தபின், அந்நூலும் பழைய தாள்களோடு சேர்ந்து அரசலாற்றுக்குப் போய்விடக்கூடும். நல்லெண்ணத்தால் நேரும் இழப்பு இது.

ஆகவே ஜமாஅத்தார்களே! பழைய தாள்களை அப்புறப்படுத்துமுன் ஒருமுறை பள்ளிவாசலுக்குக் கொண்டுவாருங்கள். நாம் பார்த்துப் பிரித்துத் தருவோம். நூலைத் தர மனமில்லாதோர் அதன் பெயரையும் ஆசிரியர் பெயரையும் அச்சான ஆண்டையும் மட்டும் எழுதித் தந்தால் போதும். நூல் உங்கள் வீட்டிலேயே இருக்கட்டும். மாதம் ஒரு நாள் இஷாவுக்குப் பின் அவற்றுள் ஒன்றை ஓதிப் பொருள் கூற நாம் ஆயத்தமாயிருக்கின்றோம். பெண்களுக்கென மதரஸாவில் பகற்பொழுதில் தனியே ஒரு மஜ்லிஸ் அமைக்கலாம். அரபுத் தமிழ் ஓத அறிந்த மூதாட்டிமார் அதற்குத் தலைமை தாங்கலாம். டமாஸ்கஸ் மக்களைப் போல், ஓதிய நூலையும் வந்தவர் பெயரையும் ஒரு குறிப்பேட்டில் பதிந்து வைப்போம். இவ்வறிக்கையில் வரவு செலவுக் கணக்கிற்குப் பக்கம் ஒதுக்குவது போல், அடுத்த ஆண்டறிக்கையில் நம் ஊர் நூல்களின் பட்டியலுக்கும் ஒரு பக்கம் ஒதுக்க நிர்வாகத்தாரைக் கேட்டுக்கொள்கின்றோம்.

முன்னோர் நம்மிடம் விட்டுச்சென்ற அமானிதத்தைப் பேணி, வருவோர் கையில் சேர்ப்பிக்க அல்லாஹ் நம் அனைவருக்கும் தௌஃபீக் செய்வானாக. ஆமீன்.