சங்கு ஊதிய ஊரின் தூக்கம்

வளர்ந்தவர்களுக்குத் தினம் ஏழு மணி நேரமாவது தூக்கம் வேண்டும் என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகமும் தூக்க ஆய்வுச் சங்கமும் சேர்ந்து 2015-ல் சொன்ன கணக்கு அது. சிங்காநல்லூர் லைன் வீடுகளில் வளர்ந்த எனக்கு அதைக் கேட்டதும் அடுத்த கேள்வி வந்துவிடும்: எந்த ஏழு மணி? கோயம்புத்தூரில் தொண்ணூறு வருஷமாக அதைத் தீர்மானித்தது பஞ்சாலை ஷிப்ட். ஒரு ஊர் எப்போது தூங்கியது, எப்போது எழுந்தது, அதை யார் மாற்றினார்கள் என்பதும் வரலாறுதான். மில்களைப் பற்றி எழுதுகிறவர்கள் கதிர்களின் எண்ணிக்கையையும் முதலாளிகளின் பெயர்களையும் எழுதுகிறார்கள். எங்கள் வீட்டு ராத்திரிகளை யாரும் எழுதவில்லை.

மில்களுக்கு முந்தைய தூக்கத்தை என் அப்புச்சி சொல்லக் கேட்டிருக்கிறேன். சூலூர்ப் பக்கம் கரிசல் பூமி, ஒரு கிணறு. பொழுது இறங்கியதும் களியோ கம்பஞ்சோறோ சாப்பிட்டுவிட்டு வாசலில் கயிற்றுக் கட்டிலைப் போடுவார்கள். விளக்குக்கு எண்ணெய் செலவழிப்பது வீண் என்று எட்டு மணிக்கெல்லாம் படுக்கை. வெயில் ஏறுவதற்குள் மாடுகள் களைக்காமல் தண்ணீர் இறைத்தாக வேண்டும் என்பதால், விடிவெள்ளி முளைக்கும் நேரத்திலேயே கவலை ஏற்றம் ஓட்ட எழுந்துவிடுவார்கள். மத்தியானம் வேப்பமரத்தடியில் ஒரு மணி, ஒன்றரை மணி நேரம் துண்டை விரித்துப் படுப்பார்கள். ராத்திரித் தூக்கமும் மத்தியானத் தூக்கமும் சேர்ந்துதான் ஒரு நாள் கணக்கு.

அந்த ராத்திரி எல்லோருக்கும் ஒரே மாதிரி கிடைக்கவில்லை. கவலை ஓட்டிய கைகள் பெரும்பாலும் பண்ணையாட்களின் கைகள். கதிர் முற்றிய காலத்தில் பரண்மேல் ஏறிக் காவல் இருந்தவர்களும் அவர்கள்தான். பழைய கிராமத்தில் எல்லோரும் நிம்மதியாகத் தூங்கினார்கள் என்று யாராவது எழுதினால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஆனால் அந்தத் தூக்கத்தைப் பிரித்தது வெயிலும் மழையும் வெள்ளாமையும். பருவம் மாறினால் அதுவும் மாறியது.

1888-ல் ராபர்ட் ஸ்டேன்ஸ் கோயம்புத்தூரில் நூற்பாலை தொடங்கினார். ஊருக்கு அது ஸ்டேன்ஸ் மில். 1910-ல் லட்சுமி மில் வந்தது. அப்போதெல்லாம் எந்திரத்தை ஓட்ட நீராவியும் எண்ணெயும் வேண்டும். அதற்குச் செலவு அதிகம். நிலைமையை மாற்றியது நீலகிரித் தண்ணீர். 1932-ல் பைக்காரா நீர்மின் நிலையம் ஓடத் தொடங்கி, மலையிலிருந்து கம்பி வழியே மின்சாரம் இறங்கியது. பீளமேடு, சிங்காநல்லூர், உப்பிலிபாளையம் என்று மில்கள் வரிசையாக எழுந்தன. கரிசல் பருத்தியும் இருந்தது, மின்சாரமும் இருந்தது, வேலைக்கு வரக் கிராமத்து ஆட்களும் இருந்தார்கள். கிணறுகளுக்கும் மோட்டார் வந்து கவலை மெல்ல நின்றது. கவலைக்காக விடியுமுன் எழுந்த குடும்பங்களின் பிள்ளைகள் மில் சங்குக்கு எழ ஆரம்பித்தார்கள்.

விளக்கு வந்தால் வேலை நீளும் என்பதைப் பம்பாய் அதற்கு முன்பே பார்த்துவிட்டது. 1900-களின் தொடக்கத்தில் அங்கே ஆலைகளுக்குள் மின்விளக்கு வந்ததும் வேலை நேரம் தினம் 13, 14 மணி நேரத்தையும் தாண்டியது. அதை விசாரிக்கக் கமிஷன் அமைத்தார்கள். 1911 சட்டம் துணியாலையில் ஆண்களுக்கு 12 மணி நேரம் என்று வரம்பு கட்டியது. 1922-ல் அது 11 ஆனது, 1934-ல் 10, 1946-ல் 9. மூன்று ஷிப்டுக்கு இடம் செய்து கொடுத்ததும் இதே குறைப்புதான். ஆளுக்கு வேலை நேரம் குறைந்தது, எந்திரம் மட்டும் நிற்கவில்லை. இரண்டாம் உலகப் போர் நடந்த வருஷங்களில் துணிக்கு இருந்த கிராக்கியில், ராத்திரி மில் ஓடுவது ஊருக்குப் பழகிப்போனது.

என் அப்பா ஸ்பின்னிங்கில் ஃபிரேம் பார்க்கும் சைடர். அவருடைய மில்லில் பகல் ஷிப்ட் காலை எட்டுக்குத் தொடங்கும். நாலரைக்குத் தொடங்கி ராத்திரி ஒரு மணிக்கு முடிவது அரை நைட். ஒரு மணியிலிருந்து காலை எட்டு வரை முழு நைட். வாரம் ஒருமுறை ஷிப்ட் மாறும். ஒவ்வொரு மில்லின் சங்குக்கும் ஒரு குரல் உண்டு. எது எங்கே ஊதுகிறது என்று படுத்தபடியே சொல்வோம்.

அரை நைட் வாரத்தில் அப்பா ஒன்றரை மணிக்கு வீடு வருவார். புருவத்திலும் காது மடலிலும் பஞ்சு ஒட்டியிருக்கும். இழை அறுந்துவிடாமல் இருக்க ஸ்பின்னிங் ஹாலில் காற்றை எப்போதும் ஈரமாகவே வைத்திருப்பார்கள். அந்தப் புழுக்கத்தில் எட்டு மணி நேரம் ஃபிரேமுக்கு ஃபிரேம் நடந்து, அறுந்த இழையை ஒட்டிவிட்டு வருகிற உடம்பு அது. அம்மா எழுந்து வெந்நீர் வைப்பார். "ஏனுங், சோறு போடட்டுங்களா?" என்று கேட்பது தூக்கத்தில் எனக்குக் கேட்கும். சாப்பிட்டுப் படுத்தாலும் அவருக்கு உடனே தூக்கம் வராது. எந்திரச் சத்தம் காதிலேயே நிற்கிறது என்பார். மூன்று மணிக்குக் கண் அசந்தால் ஐந்து மணிக்குத் தெருக்குழாயில் குடங்கள் வரிசை கட்டிவிடும்.

முழு நைட் வாரம் அதைவிடக் கஷ்டம். எங்கள் ஓட்டு வீட்டில் வெளிச்சத்துக்காக ஒரு கண்ணாடி ஓடு பதித்திருந்தார்கள். காலையில் அதன் வழியே விழும் சதுர வெயில் சுவரில் தொடங்கிப் பாய்மேல் ஊர்ந்து, பதினொரு மணி வாக்கில் அப்பாவின் முகத்துக்கு வந்துவிடும். அவர் விழித்தால் அவ்வளவுதான், மறுபடி தூக்கம் கிடையாது. அம்மா ஆளை ஏற்றி அந்த ஓட்டின்மேல் சாக்கைப் போடச் சொன்னார். அதன் பிறகு அந்த வாரங்களில் பகல் முழுக்க இருட்டில்தான் சமையல். "அவரு முழு நைட்டுங்க" என்று சொன்னால் லைன் முழுக்கப் புரிந்துகொள்ளும். உரலில் மாவாட்டுவதை மத்தியானத்துக்குத் தள்ளிவைப்பார்கள். கீரைக்காரம்மா எங்கள் வாசலைத் தாண்டித்தான் குரல் கொடுப்பார். பிள்ளைகள் கோயில் திடலுக்குப் போய்த்தான் விளையாட வேண்டும். ஒரு மனிதரின் பகல் தூக்கத்தை இருபது குடும்பங்கள் காவல் காத்தன. அந்த மக்களின் பெருந்தன்மையை நினைக்கும்போதெல்லாம் மனம் நெகிழ்கிறது.

அம்மாவின் தூக்கத்தைத்தான் யாரும் காக்கவில்லை. அரை நைட்டில் ஒன்றரை மணிக்கு எழுவார். முழு நைட்டில் பன்னிரண்டு மணிக்கு அப்பாவை எழுப்பி அனுப்ப வேண்டும். எந்த ஷிப்டானாலும் ஐந்து மணிக்குத் தண்ணீர், எட்டு மணிக்குப் பள்ளிக்கூடச் சோறு. சட்டம் அப்பாவின் வேலை நேரத்தை நிமிஷக் கணக்கில் அளந்தது. அந்த வேலையைச் சுமந்த இன்னொரு உடம்பைப் பற்றி அதில் ஒரு வரி கிடையாது. அம்மா ஒரே மூச்சில் ஐந்து மணி நேரம் தூங்கி நான் பார்த்தது, அப்பா ஓய்வு பெற்ற பிறகுதான்.

பக்கத்து வீட்டு மாமாவுக்கு இதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. எந்த ஷிப்டிலும் படுத்த ஐந்தாவது நிமிஷம் குறட்டை வரும். ஆளுக்கு ஆள் தூக்கம் வேறுபடும் என்பதற்கு 1938-ல் செய்த ஒரு சோதனை நல்ல சாட்சி. நத்தானியேல் கிளைட்மன் என்ற சிகாகோ பேராசிரியர், தன் மாணவர் புரூஸ் ரிச்சர்ட்சனுடன் கெண்டகியில் உள்ள மாமத் குகைக்குள் 32 நாள் தங்கினார். சூரியன் தெரியாத இடத்தில் நாளை 28 மணி நேரமாக நீட்டி, 9 மணி நேரம் படுத்து 19 மணி நேரம் விழித்திருந்து பார்த்தார்கள். இளைஞரான ரிச்சர்ட்சனின் உடல் வெப்பம் புதிய நாளுக்குப் பழகியது. நாற்பதைத் தாண்டிய கிளைட்மனின் உடம்பு பழைய 24 மணிக் கணக்கை விடவில்லை. மில்லிலும் நாற்பதைத் தாண்டியவர்கள்தான் ராத்திரி ஷிப்டில் தடுமாறினார்கள். மேஸ்திரிகள் அதைச் சோம்பல் என்று திட்டினார்கள். இந்தக் கணக்கை வைக்கிற, செல்லுக்குள்ளேயே இருக்கும் கடிகாரம் எப்படி ஓடுகிறது என்று கண்டுபிடித்தவர்களுக்கு 2017-ல் நோபல் பரிசு கொடுத்தார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, உடலின் இந்தத் தாளத்தைக் கெடுக்கும் ஷிப்ட் வேலை அநேகமாகப் புற்றுநோயை உண்டாக்கக்கூடியது என்று 2007-லேயே வகைப்படுத்தியது. திட்டு வாங்கிய அந்த சைடர்கள் பெரும்பாலும் இதைக் கேட்கும் முன்பே போய்விட்டார்கள்.

1948 தொழிற்சாலைச் சட்டத்தில் 57-ஆம் பிரிவு என்று ஒன்று இருந்தது. நள்ளிரவைத் தாண்டும் ஷிப்டில் வேலை செய்பவருக்கு வார விடுமுறை என்பது, ஷிப்ட் முடியும் நேரத்திலிருந்து தொடர்ச்சியாக 24 மணி நேரம் என்று அது சொன்னது. படிக்க நியாயமாகத்தான் இருக்கிறது. வீட்டுக்குள் அது எப்படி நடந்தது என்றால், முழு நைட் முடிந்து எட்டு மணிக்கு வந்த அப்பாவின் லீவு எட்டு மணிக்கே தொடங்கிவிடும். பாதி லீவு பாயில் போகும். சாயங்காலம் எழுந்து எங்களைச் சினிமாவுக்குக் கூட்டிப்போனால் படம் முடிவதற்குள் கண் சொருகிவிடும்.

பெண்களை ராத்திரி ஏழு மணிக்குமேல் வேலை வாங்கக் கூடாது என்று அதே சட்டத்தின் 66-ஆம் பிரிவு தடுத்தது. மாநில அரசு கொஞ்சம் தளர்த்தலாம் என்றிருந்தது. ராத்திரி பத்திலிருந்து காலை ஐந்து வரை மட்டும் எந்தத் தளர்வும் இருக்கவில்லை. எங்கள் பக்கத்துப் பெண்கள் ரீலிங்கிலும் வைண்டிங்கிலும் பகல் வேலைக்கு மட்டும் போனார்கள். 2000 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அந்தத் தடையை நீக்கியது. பெண் என்பதாலேயே வேலை மறுப்பது சமத்துவத்துக்கு விரோதம் என்பது தீர்ப்பு. பாதுகாப்புக்கு நிபந்தனைகளும் விதித்தது. அந்தத் தீர்ப்பின் நியாயத்தை நான் மதிக்கிறேன். ஆனால் ஏறக்குறைய அதே காலத்தில்தான் தென்மாவட்டங்களிலிருந்து பதினாறு, பதினேழு வயதுப் பெண்களை மூன்று வருஷ ஒப்பந்தத்தில் கூட்டிவந்து மில் ஹாஸ்டலில் தங்கவைக்கும் வழக்கம் கொங்கு நாட்டில் பரவியது. சுமங்கலித் திட்டம் என்று பெயர் வைத்தார்கள். வருஷங்கள் முடிந்தால் கல்யாணத்துக்கு மொத்தப் பணம். ஹாஸ்டல் மில் வளாகத்துக்குள்ளேயே இருப்பதால் ஆள் குறைந்தால் போய் எழுப்பிவிடலாம். நான் ஆசிரியையாக இருந்த காலத்தில் அப்படி வேலை பார்த்துவிட்டுத் திரும்பிப் படிக்க வந்த பெண்களைப் பார்த்திருக்கிறேன். மதிய வகுப்பில் மேஜைமேல் கவிழ்ந்துவிடுவார்கள். அவர்களை எழுப்ப எனக்கு மனம் வந்ததில்லை. அவர்களுக்குக் கண்ணாடி ஓட்டை மூட அம்மா இல்லை, உரலைத் தள்ளிவைக்க லைன் இல்லை.

1923 மே 1 அன்று சென்னைக் கடற்கரையில் சிங்காரவேலர் இந்தியாவின் முதல் மே தினக் கூட்டத்தை நடத்தினார். மே தினம் எதற்காகப் பிறந்ததோ அந்த எட்டு மணி நேர வேலைக் கோரிக்கையில், மீதிப் பதினாறில் எட்டு மணி தூக்கத்துக்கும் ஓய்வுக்கும் என்ற கணக்கும் அடக்கம். சரியாக நூறு வருஷம் கழித்து, 2023 ஏப்ரலில், 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் திருத்த மசோதா தமிழக சட்டமன்றத்தில் நிறைவேறியது. தொழிற்சங்கங்கள் எதிர்த்தன, கூட்டணிக் கட்சிகளும் எதிர்த்தன. அந்த வருஷ மே தினத்தன்று முதலமைச்சர் அதைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தார். பன்னிரண்டு மணி வேலை, போகவர இரண்டு மணி, குளிக்கச் சமைக்கச் சாப்பிட மூன்று மணி. மீதியில் குழந்தை முகத்தைப் பார்க்கவும் தூங்கவும் ஏழு மணி என்று அன்று என் தோழிகளிடம் விரல்விட்டு எண்ணிக் காட்டினேன்.

இப்போது சிங்காநல்லூரில் பல பழைய மில்கள் மூடிவிட்டன. அந்த இடங்களில் அடுக்குமாடி வீடுகள். சங்குச் சத்தம் நின்றுவிட்டது, ராத்திரி வேலை நிற்கவில்லை. ஐ.டி. கம்பெனியில், ஆஸ்பத்திரியில், சாப்பாடு கொண்டுவரும் பையன்களின் பைக்கில் அது தொடர்கிறது. மூன்று பேஸ் மின்சாரம் ராத்திரியில் வந்தால், தண்ணீர் பாய்ச்ச எழும் விவசாயியிடமும் அது இருக்கிறது.

ஐரோப்பிய ஒன்றியம் 1993-லேயே ஒரு விதி செய்தது: எந்தத் தொழிலாளிக்கும் ஒவ்வொரு 24 மணி நேரத்திலும் தொடர்ச்சியாக 11 மணி நேர ஓய்வு கொடுக்க வேண்டும். நம் சட்டங்கள் வேலை செய்யும் மணிகளை எண்ணியே நூறு வருஷத்துக்கு மேல் கழித்துவிட்டன. இரண்டு ஷிப்டுகளுக்கு நடுவே யாரும் தொடக்கூடாத ஓய்வு மணிகளையும் இனி அவை எண்ண வேண்டும். அடுத்த முறை உங்கள் ஊர்ச் சட்டமன்ற உறுப்பினரோ தொழிற்சங்கக்காரரோ ஓட்டுக் கேட்டு வந்தால், அந்த 11 மணி நேரத்தைக் கேளுங்கள். மில் ஹாஸ்டலில் இருக்கும் பெண்ணுக்கு முதலில் அதைக் கொடுக்கச் சொல்லிக் கேளுங்கள்.