ஐஹப், நைரோபி

கென்யத் தலைநகர் நைரோபியில் 2010இல் தொடங்கிய தொழில்நுட்ப மையம். நிறுவியவர் எரிக் ஹெர்ஸ்மன். நிரலாளர்கள், வடிவமைப்பாளர்கள், முதலீட்டாளர்கள் ஒரே கூடத்தில் சந்திக்க வழிசெய்தது.

இதற்கான நிலம் முன்பே பண்பட்டிருந்தது. 2007இல் சஃபாரிகாம் நிறுவனம் எம்-பெசா சேவையைக் கொண்டுவந்தது. வங்கிக் கணக்கே இல்லாதவர்களும் தெருமுனைக் கடை முகவரிடம் ரொக்கத்தைக் கொடுத்து, சாதாரணக் கைபேசியிலிருந்தே ஊரிலுள்ள பெற்றோருக்குப் பணம் அனுப்பலாயினர். 2009இல் இணையத்துக்கான கடலடிக் கண்ணாடியிழை வடங்கள் கென்யக் கரையை அடைந்தன. எனினும், ஐஹப்பின் உண்மையான கரு உஷாஹிதிதான். 2007 டிசம்பர் தேர்தலைத் தொடர்ந்து வன்முறை மூண்டபோது, எங்கே என்ன நடக்கிறது என்று மக்கள் அனுப்பிய தகவல்களை வரைபடத்தில் பதித்துக் காட்டிய மென்பொருள் அது; அதன் குழுவிலிருந்தே ஐஹப் பிறந்தது.

உள்ளூர்ச் சிக்கலே நல்ல கருவியைப் பெற்றெடுக்கும் என்பதற்கு உஷாஹிதி குழுவினர் 2013இல் அறிமுகப்படுத்திய ‘பிரிக்’ சிறந்த சான்று. மின்சாரம் போனாலும் தன் மின்கலத்தில் பல மணி நேரம் இயங்கும் இணையப் பெட்டி இது. கம்பி இணைப்பு அறுந்தால் தானாகவே கைபேசி அலைவரிசைக்கு மாறிக்கொள்ளும்.

2019இல் நைஜீரியாவின் சிசிஹப் நிறுவனம் ஐஹப்பை வாங்கியது.