யாழ்ப்பாணத் தீவகத்தின் மின்சாரம்

தீவகத்தில் வேலணை, புங்குடுதீவு முதலியன தாம்போதிகளால் குடாநாட்டுடன் இணைந்தவை. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு, எழுவைதீவு ஆகியவற்றுக்குப் படகில்தான் போகவேண்டும். தேசிய மின்வலையமைப்புக்கு வெளியே இருந்த இந்நான்கு தீவுகளுக்கும் டீசல் மின்பிறப்பாக்கிகளே மின்சாரம் கொடுத்தன. எரிபொருளும் கடல்வழியே வரவேண்டியிருந்ததால் செலவு மிகுந்தது.

முதல் மாற்றம் எழுவைதீவில் வந்தது. ஆசிய அபிவிருத்தி வங்கியின் உதவியுடன் காற்று, சூரிய ஒளி, மின்கலம், டீசல் நான்கும் சேர்ந்த கலப்பு மின்திட்டம் அங்கு அமைந்தது. மற்ற மூன்று தீவுகளுக்கான திட்டத்தைச் சீனக் கூட்டு நிறுவனமொன்றுக்கு வழங்க 2021 ஜனவரியில் அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. இந்தியா ஆட்சேபித்தது, அவ்வாண்டு டிசம்பரில் திட்டம் இடைநிறுத்தப்பட்டதாகச் சீனத் தூதரகம் அறிவித்தது. 2022 மார்ச்சில் இந்தியாவுடன் புரிந்துணர்வு உடன்படிக்கையும், 2024 மார்ச் 1இல் பெங்களூர் நிறுவனமொன்றுடன் ஒப்பந்தமும் கைச்சாத்தாயின. இந்திய நன்கொடை 1.1 கோடி டொலர். மூன்று தீவுகளுக்கும் சேர்த்து 530 கிலோவாற்று காற்று மின், 1,700 கிலோவாற்று சூரிய மின், 2,400 கிலோவாற்று மணி மின்கலம், 2,500 கிலோவாற்று டீசல் இருப்பு என வகுக்கப்பட்டது.

மின்கலத்தின் சேமிப்பு சில மணி நேரத்துக்கே போதும். மிகுதி மின்சாரத்தால் நீரைப் பகுத்து ஐதரசனாகச் சேமித்தால் காற்றடங்கிய நாட்களையும் கடக்கலாம். நோர்வேயின் உட்சிரா தீவில் 2004 முதல் பத்து வீடுகளுக்கு இம்முறை சோதிக்கப்பட்டது. ஆனால் மின்சாரம் ஐதரசனாகி மீண்டும் மின்சாரமாகும்போது பெரும்பகுதி இழக்கப்படும். மூன்று தீவுகளின் திட்டத்தில் அந்த நீண்டகால இருப்பின் இடத்தில் டீசலே இருக்கிறது.