ருஃபைதாவின் கூடாரமும் மருத்துவமனைப் பெயர்ப்பலகையும்

ஹிஜ்ரி 5-ஆம் ஆண்டு அகழ்ப் போரில் எதிரியின் அம்பொன்று ஸஅத் பின் முஆத் (ரலி) அவர்களின் கை நரம்பைத் துளைத்தது. அருகிலிருந்தே நலம் விசாரிப்பதற்காக நபி (ஸல்) அவர்கள் பள்ளிவாசலிலேயே அவருக்குக் கூடாரம் அமைத்ததாக ஸஹீஹுல் புகாரியில் காண்கிறோம். அது யாருடைய கூடாரம் என்பதை இப்னு ஹிஷாமின் சீரா சொல்கிறது. அஸ்லம் குலத்துப் பெண்மணியான ருஃபைதா (ரலி) அவர்களுடையது அது. காயமுற்றோருக்கு மருந்திடுவதும், கவனிப்பாரற்ற முஸ்லிம்களுக்கு நன்மையை நாடிப் பணிவிடை செய்வதும் அவர்களின் வேலை. நபியவர்கள் அவ்வழியே செல்லும்போதெல்லாம், மாலையில் எப்படி இருக்கிறீர், காலையில் எப்படி இருக்கிறீர் என்று ஸஅதிடம் கேட்பார்களாம். இது இமாம் புகாரியின் 'அல் அதபுல் முஃப்ரத்' தரும் செய்தி.

இப்னு ஸஅத் தமது 'தபகாத்' நூலில், இவ்வாறு பள்ளிவாசலில் கூடாரம் அமைத்து ஸஅதுக்கு மருத்துவம் பார்த்தவராகக் குஐபா பின்த் ஸஅத் அல் அஸ்லமிய்யா என்னும் பெண்மணியைக் குறிப்பிடுகிறார். கைபர் போரில் கலந்துகொண்ட அவருக்கு நபியவர்கள் ஓர் ஆண் வீரருக்குரிய பங்கை அளித்தார்கள் என்றும் கூறப்படுகிறது. இருவரும் ஒருவரே என்று கருதுவோரும் உண்டு. எப்படியாயினும், புண்ணுக்கு மருந்திட்டவரைப் போர்வீரருக்குச் சமமாக வைத்த நிகழ்ச்சி இது. பெயரில் கருத்து வேறுபாடு வந்தது. கூடாரத்தில் நடந்த பணியில் வரவில்லை.

இந்தப் பழைய ஏடுகளை இப்போது புரட்டுவதற்குக் காரணம் இருக்கிறது. ஜவ்வாது மலையைச் சூழ்ந்துள்ள வேலூர், திருவண்ணாமலை, திருப்பத்தூர் மாவட்டங்கள் நெடுங்காலமாக ராணுவத்திற்கு ஆள் அனுப்பி வருபவை. கணியம்பாடி ஒன்றியத்துக் கம்மவான்பேட்டைக்கு 'ராணுவப்பேட்டை' என்றே பெயர் உண்டு. இத்தகைய மண்ணில் மருத்துவமனை ஒன்றுக்குப் படைவீரர் ஒருவரின் பெயரைச் சூட்டலாமே என்ற எண்ணம் எழுவது இயல்பு. மார்க்கத்தில் அதற்குத் தடையில்லை. 'இன்ன குலத்தாரின் பள்ளிவாசல்' என்று சொல்லலாமா என்று இமாம் புகாரி தனித் தலைப்பே இட்டு, பனூ ஸுரைக் பள்ளிவாசலைக் குறிப்பிடும் ஹதீஸைச் சான்றாக வைக்கிறார். பள்ளிவாசலுக்கே ஆகும் என்றால் மருத்துவமனைக்கு ஏன் ஆகாது?

நம் நாட்டில் இதற்கு நெருங்கிய முன்மாதிரி டாக்டர் முக்தார் அஹ்மத் அன்சாரி. 1880-இல் காஸிப்பூர் மாவட்டத்து யூசுப்பூரில் பிறந்தவர். நம் சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று, பின்னர் இங்கிலாந்தில் அறுவை மருத்துவம் கற்றவர். பால்கன் போரில் உஸ்மானியப் படை சிதறியபோது, 1912 இறுதியில் இந்திய முஸ்லிம்கள் திரட்டிய நிதியைக் கொண்டு மருத்துவக் குழுவொன்றைத் தலைமையேற்று அழைத்துச் சென்றார். அவர் படைவீரர் அல்லர்; ஆனால் போர்முனைக் காயங்களோடு மாதக்கணக்கில் வாழ்ந்தவர். அக்குழுவைச் சேர்ந்த அப்துர் ரஹ்மான் பெஷாவரி அங்கேயே தங்கி உஸ்மானியப் படையில் சேர்ந்துவிட்டார். அன்சாரியோ திரும்பி வந்து விடுதலைப் போராட்டத்தில் இறங்கினார். 1927-இல் சென்னையில் கூடிய காங்கிரஸ் மாநாட்டிற்குத் தலைமை வகித்தவரும் அவரே. 1936-இல் இறந்தபோது டெல்லி ஜாமிஆ மில்லியா இஸ்லாமியாவில் அடக்கம் செய்யப்பட்டார். இன்று அப்பல்கலைக்கழகத்தின் மருத்துவ நிலையம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. எய்ம்ஸ் மருத்துவமனையின் முகவரியும் அன்சாரி நகர்தான். எத்தனையோ நோயாளிகள் அம்முகவரியை எழுதுகிறார்கள். அது யார் என்று கேட்பவர் மிகச் சிலரே.

அதே காஸிப்பூர் மாவட்டத்தின் தாமுப்பூரில் பிறந்தவர் வீர் அப்துல் ஹமீத். 1965 செப்டம்பர் 10 அன்று அசல் உத்தரில் பகைவரின் டாங்கிகளை எதிர்த்து நின்று உயிர் நீத்தார். பரம்வீர் சக்ரா பெற்றார். 2025-இல் அவ்வூர்ப் பள்ளிச் சுவரிலிருந்து அவர் பெயர் நீங்கிப்போக, குடும்பத்தார் முறையிட்ட பிறகே மீண்டும் எழுதப்பட்டது. நாட்டின் மிக உயர்ந்த வீர விருதைப் பெற்றவரின் பெயருக்கே ஒரு வாளி வண்ணம் போதுமானதாக இருந்தது!

ஆகவே படைவீரர் பெயரைச் சூட்டுவதை நான் எதிர்க்கவில்லை. முதலில் பலகையைத் தேடாமல் கூடாரத்தைத் தேடுங்கள் என்றே கேட்கிறேன். 2023-இல் இம்மலைத்தொடரின் அல்லேரிப் பகுதியில் பாம்பு கடித்த ஒரு பச்சிளங்குழந்தை மருத்துவமனை சேரும் முன்பே இறந்தது. சாலை இல்லாததால் ஆம்புலன்ஸ் பாதியில் நின்றுவிட, குழந்தையின் உடலைத் தாயே தூக்கிக்கொண்டு மலையேறினார். ஊருக்காக உயிரைப் பணயம் வைத்த ஒரு வீரரின் பெயரை, மருத்துவரும் இல்லாமல் பாம்புக்கடி மருந்தும் இல்லாமல் பூட்டிக் கிடக்கும் கட்டடத்தின் மேல் எழுதினால், அது அவருக்குச் செய்யும் கண்ணியமாகுமா? ஜமாஅத்தினரோ முன்னாள் படைவீரர் சங்கத்தினரோ இப்படியொரு மனுவை எழுதுவதாயின், அதன் முதல் வரியில் இரவிலும் தங்கும் செவிலியரைக் கேளுங்கள்; இரண்டாம் வரியில் சாலையைக் கேளுங்கள்; பெயரை மூன்றாம் வரியில் எழுதுங்கள்.