கப்பித்தான் விட்டுச் சென்ற வக்ஃபு

'வகஃப' என்னும் அரபு வினைச்சொல்லுக்கு நின்றான், நிறுத்தினான் என்பது பொருள். ஒரு சொத்தை அல்லாஹ்வுக்கென நிறுத்தி வைத்து, அதன் பயனை மட்டும் மக்களிடம் ஓடவிடுவதே வக்ஃபு. முதல் நிற்கும், பலன் நடக்கும். இந்த நுட்பத்தைக் கடல் கடந்த மண்ணில் நிலைநாட்டிய தமிழ் முஸ்லிம் வணிகர் ஒருவரை நம் இளைஞர் அறிந்திருத்தல் நலம். அவரே பினாங்கின் கப்பித்தான் காதிர் முஹ்யித்தீன் மரைக்காயர்.

1786ஆம் ஆண்டு பிரான்சிஸ் லைட் என்பார் கிழக்கிந்தியக் கும்பினிக்காகப் பினாங்குத் தீவில் கொடியேற்றினார். சுங்கமற்ற துறைமுகமாதலின் பல தேசத்து வணிகரும் அங்கே திரண்டனர். சோழமண்டலக் கரையிலிருந்து துணிப்பொதிகளோடு கப்பலேறிய நம்மவரைச் 'சூலியர்' என்றழைத்தனர். அங்குள்ள சூலியா தெரு இன்றும் அப்பெயரைத் தாங்கி நிற்கிறது.

ஒவ்வோர் இனத்தாருக்கும் ஒரு தலைவரை ஏற்று, அவர் வழியே வழக்குகளைத் தீர்ப்பது அக்கால ஆட்சிமுறை. சீனருக்குக் கோ லே ஹுவான் என்னும் புலம்பெயர்ந்த வணிகர் கப்பித்தானாக விளங்கினார். தென்னிந்தியருக்கு அப்பொறுப்பு 1801இல் காதிர் முஹ்யித்தீனுக்கு வாய்த்தது. 'கப்பித்தான் கிளிங்' எனப்பட்டார். கிளிங் என்பது கலிங்கம் என்னும் பழம்பெயரின் மரூஉ என்பர்.

பதவியைத் தம் வாணிபத்துக்கு ஏணியாக்குவது எளிது. அவரோ சமுதாயத்தின் தேவையை முன்வைத்தார். அதே 1801இல் துணை ஆளுநர் ஜார்ஜ் லீத், பள்ளிவாசலுக்கென 18 ஏக்கர் நிலம் வழங்கினார். அந்நிலத்தில் எழுந்ததே இன்று உலகம் அறிந்த கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல். 1834இல் அவர் மறைந்தபோது, தம் சொத்தில் ஒரு பகுதியும் மரண சாசனத்தின் வாயிலாக வக்ஃபாயிற்று.

இனிக் கூறுவது கசப்பானது. கொடுத்தவர் கப்ருக்குள் சென்றபின், காப்பவரிடையே கவனக்குறைவும் முறைகேடும் புகுந்தன. இறுதியில் ஆங்கில அரசு 1905இல் சட்டமியற்றி, முஹம்மதிய, இந்து அறநிலையங்களுக்கென ஒரு வாரியம் அமைக்க நேர்ந்தது. அதன்பின் பள்ளிவாசல் நியூப்ரானர் என்னும் கட்டடக் கலைஞரின் வரைபடப்படி விரிவும் பொலிவும் பெற்றது. 2008இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக ஏற்ற ஜார்ஜ் டவுனில், சர்ச்சுக்கும் சீனர் கோயிலுக்கும் மாரியம்மன் கோயிலுக்கும் அண்மையில் அது நிமிர்ந்து நிற்கிறது.

சமுதாயம் தானே செய்ய வேண்டிய கணக்கை அந்நியர் வந்து கேட்கும் நிலை ஏன் வந்தது? இவ்வினா பினாங்குக்கு மட்டும் உரியதன்று. நம் ஊர்தோறும் உள்ள முத்தவல்லிகளுக்கும் ஜமாஅத்தார்க்கும் உரியது. கண்ணமங்கலத்துத் தறிகளில் பாவு எத்துணை உயர்ந்த பட்டாயினும், ஊடை நாளும் விழுந்தாலன்றிச் சேலை ஆகாது. வக்ஃபு செய்பவர் பாவு தருகிறார். ஊடை நம் கையில் இருக்கிறது. கணக்கு இங்கே பார்க்கப்படாவிடினும் மஹ்ஷரில் பார்க்கப்படும்.

வல்ல நாயன் அப்பெரியாரின் கப்ரை ஒளிமயமாக்குவானாக! நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதங்களைப் பேணும் ஆற்றலையும் அருள்வானாக! ஆமீன்.