கன்னக் குழியில் அடங்கிய முறுக்கான்

தக்கலையில் பல் வைத்தியம் பார்க்கிறேன். இந்த வட்டாரத்து வாய்களைப் பற்றி எனக்குக் கற்றுத்தந்ததில் பாதி கல்லூரிப் பாடம், மீதி பக்கத்து ஊரான நெய்யூர் ஆஸ்பத்திரியின் பழைய வரலாறு.

நெய்யூரில் லண்டன் மிஷன் சங்கத்தார் வைத்தியம் பார்க்கத் தொடங்கியது 1838-இல். அப்போது இது திருவிதாங்கூர் ராஜ்ஜியம். 1956 நவம்பர் 1 அன்றுதான் கல்குளம் தாலுகாவோடு சென்னை மாநிலத்துக்கு வந்தது. கல்யாண வீடானாலும் துட்டி வீடானாலும் முறுக்கான் தட்டு வைக்காமல் இங்கே எதுவும் நடந்ததில்லை. வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, கூடவே ஒரு துண்டு புகையிலை. யாழ்ப்பாணத்துப் புகையிலை கடல் வழியாகத் திருவிதாங்கூருக்கு நெடுங்காலம் வந்திறங்கியது. அரசே அந்த வியாபாரத்தைத் தன் கையில் வைத்து வருமானம் பார்த்தது. வயலில் நாற்று நட்டவர்களும் பனையேறியவர்களும் பசியை அடக்க முறுக்கானைத்தான் நம்பினார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது.

அந்த மக்கள்தான் நெய்யூர் ஆஸ்பத்திரித் திண்ணைக்கு வந்தார்கள், பெரும்பாலும் நோய் முற்றிய பிறகு. அங்கே பணியாற்றிய டாக்டர் பென்டல், திருவிதாங்கூரில் பார்த்த 1,700 புற்றுநோயாளிகளைப் பற்றி 1908-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினார். வாய்ப்புற்று இங்கே இவ்வளவு மலிந்திருப்பது வெளியுலகத்துக்குத் தெரிந்தது அப்படித்தான். 1933-இல் அதே ஆஸ்பத்திரியின் டாக்டர் ஆர், லான்செட் இதழில் இன்னும் தெளிவாக எழுதினார். முறுக்கானை எந்தக் கன்னத்தில் அடக்குகிறார்களோ அந்தக் கன்னத்தில் நோய் வருகிறது; புகையிலை சேர்த்து மெல்லுகிறவர்களுக்கு அதிகம் வருகிறது. எவரெஸ்டில் 1924-இல் ஏறத்தாழ 28,000 அடி வரை ஏறிய சோமர்வெல்லும் அந்தக் காலத்தில் நெய்யூரில் அறுவை மருத்துவராக இருந்தார். ஊரில் அவர் பெயரை இன்றும் சொல்கிறார்கள். எனக்கு அவருடைய மலையேற்றத்தைவிட ஆரின் கட்டுரையே பெரிது. கவனமான கண்ணைக் கொண்டு, ஒரு சிற்றூர் ஆஸ்பத்திரியிலிருந்து உலகத்துக்கே ஒரு காரணத்தைக் காட்டிய எழுத்து அது.

காரணம் இன்று நன்றாகவே விளங்கியிருக்கிறது. சுண்ணாம்பு பட்டதும் பாக்கிலுள்ள ஆல்கலாய்டுகள் கன்னத்தின் மெல்லிய தோலைப் பதம் பார்க்கின்றன. புகையிலையின் நச்சு அதே இடத்தில் மணிக்கணக்கில் ஊறுகிறது. வாயில் அடக்கியபடியே தூங்குகிறவர்களுக்கு ஆபத்து மிக அதிகம். புகையிலை சேர்ந்த வெற்றிலை புற்றுநோய் தரும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1985-இல் அறிவித்தது. புகையிலை இல்லாத வெறும் பாக்கும் தரும் என்று 2004-இல் சேர்த்துக்கொண்டது. "போயிலை போடல்ல டாக்டர், பாக்கு மட்டுந்தான்" என்று சொல்கிறவர்களுக்கு நான் இதைத் தவறாமல் சொல்கிறேன்.

அண்டி ஆபீசில், அதாவது முந்திரி ஆலையில், வேலை பார்த்த ஒரு பாட்டி என்னிடம் பல் வலிக்கு வந்தார். வலித்த பல் மேல் வரிசையில். கீழே, இடது கன்னக் குழியில், சுரண்டினாலும் போகாத ஒரு வெள்ளைத் திட்டு.

"பாட்டி, இது எவ்வளவு நாளா இருக்கு?"

"வலிக்கல்லியே மக்கா, அதனால பாக்கல்ல."

சதைத் துணுக்கு எடுத்துப் பரிசோதிக்க அனுப்பினேன். புற்றாக மாறுவதற்கு முந்தைய நிலை என்று வந்தது. அறுத்து எடுத்தார்கள், முறுக்கானையும் விட்டார், இப்போது நலமாக இருக்கிறார். வலிக்காததால்தான் ஆரின் காலத்து நோயாளிகளும் தாமதித்திருப்பார்கள் என்று அன்றைக்கு எனக்குத் தோன்றியது.

நாம் எல்லோரும் அறிந்த வாய்ப்புண் வேறு வகை. வெள்ளையாகக் குழிந்து, சுற்றிலும் சிவந்து, மிளகாய் பட்டால் உயிர் போகும். ஒன்றிரண்டு வாரத்தில் தானே ஆறிவிடும். உடைந்த பல்லோ பொருந்தாத பல் செட்டோ உராய்ந்து வந்த புண்ணும், உராய்வை நீக்கினால் அதே கணக்கில் ஆறும். மணத்தக்காளிக் கீரை தின்றாலும் பி காம்ப்ளெக்ஸ் போட்டாலும் இதில் கெடுதல் இல்லை. இரண்டு வாரம் தாண்டியும் ஆறாத புண்ணை 'உடம்புச் சூடு' என்று சொல்லிக்கொண்டே மாதக்கணக்கில் வைத்திருப்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

பார்த்துச் சொல்வதற்குப் பெரிய இயந்திரம் எதுவும் வேண்டாம். 1996-இல் திருவனந்தபுரம் மாவட்டத்தில் ஏறத்தாழ 1.9 லட்சம் பேரை வைத்து ஓர் ஆய்வைத் தொடங்கினார்கள். பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள், வெளிச்சத்தில் வாயைத் திறந்து கண்ணால் பார்த்தார்கள், அவ்வளவுதான். புகையிலையோ மதுவோ பழகியவர்களிடையே, அப்படிப் பரிசோதனை நடந்த பகுதிகளில் வாய்ப்புற்றுச் சாவு 34 சதவீதம் குறைந்திருந்தது என்று 2005-இல் லான்செட் வெளியிட்டது. நெய்யூர் எச்சரித்து ஒரு தலைமுறைக்குள் நடந்திருக்க வேண்டிய வேலை அது.

ஆகவே, வீட்டில் முறுக்கான் போடுகிற பெரியவர் இருந்தால் மாதம் ஒருமுறை டார்ச் அடித்து அவர் கன்னத்தின் உட்புறத்தையும் நாக்கின் ஓரத்தையும் அடியையும் பாருங்கள். இரண்டு வாரம் தாண்டிய புண், சுரண்டினால் போகாத வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, தடித்த ஓரம், கழுத்தில் கட்டி, வாயை முழுதாகத் திறக்க முடியாமை, இவற்றில் ஒன்று தெரிந்தாலும், வலி இல்லாவிட்டாலும், அந்த வாரமே பல் மருத்துவரிடம் கூட்டிப்போங்கள்.